இலைச் சாரமும் சோதனைக் குழாயும்: வாசகர் கேள்வி – பதில்

சருமப் பராமரிப்புப் பொருள்களில் சேர்க்கும் தாவரச் சாரங்களின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எப்படிச் சோதிப்பது என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இலையைக் காயவைத்துப் பொடித்துவிட்டேன். மெத்தனாலில் ஊறவைக்கச் சொல்கிறார் ஒருவர், தண்ணீரில் கொதிக்கவைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி?

க்ரீமில் சேர்க்கப் போகிற சாரம் என்றால் மெத்தனால் வேண்டாம். அது நச்சு, மிச்சம் துளியும் நிற்கக் கூடாது. வெறும் தண்ணீர் சர்க்கரை, கோந்து, புரதம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவரும், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். சுத்த எத்தனால் பச்சையத்தையும் மெழுகையும் வாரிக்கொண்டு வரும். நடுவழிதான் நல்லது: 70 சதவீத எத்தனால், 30 சதவீதத் தண்ணீர். தண்ணீர் செல் சுவரை ஊதவைத்து இளக்கும், எத்தனால் உள்ளே இருக்கும் பாலிஃபீனால்களை, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட் வேலை செய்கிற தாவரப் பொருள்களை, கரைத்து வெளியே கொண்டுவரும்.

10 கிராம் பொடிக்கு 100 மிலி கரைப்பான். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, அறை வெப்பத்தில் 24 மணி நேரம் ஷேக்கரில் வையுங்கள். வடிகட்டியபின் சக்கையை எறிந்துவிடாதீர்கள். 50 மிலி வீதம் இன்னும் இரண்டு முறை ஊறவைத்து எல்லா வடிநீரையும் ஒன்றாகச் சேருங்கள். ரோட்டரி எவாபரேட்டரில் எத்தனாலை நீக்கும்போது தண்ணீர்த் தொட்டி 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. எஞ்சும் தண்ணீரை உறைநிலையில் உலர்த்தி, வந்த பொடியை எடைபோட்டு விளைச்சலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இருட்டில், மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்கும் முந்தைய கட்டத்தில்தான். பச்சை இலையை அப்படியே அரைத்தால், அதில் இருக்கும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, நீங்கள் தேடுகிற பொருளையே கண்ணெதிரே பழுப்பாக்கிவிடும். கழுவிய இலையை 40 டிகிரியில், காற்றோட்டத்தில், விரலால் மடக்கினால் பட்டென்று ஒடிகிற வரை காயவைத்த பிறகே பொடிக்க வேண்டும்.

கிளிசரினில் சாரம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளிசரினை ஆவியாக்கிப் பிரிக்க முடியாது. ஆகவே சோதனையில் ஒப்பீட்டுக்கு வைக்கும் வெற்றுக் குழாயிலும் அதே அளவு கிளிசரின் இருக்க வேண்டும்.

கேள்வி: டிபிபிஎச் சோதனையில் வைட்டமின் சி-யின் ஐசி50 ஒருமுறை 3.5 வந்தது, மறுமுறை 13 வந்தது, போன வாரம் 30 வந்தது. மைக்ரோகிராம்/மிலி கணக்கில்தான் எழுதுகிறேன். எந்த எண்ணை நம்புவது?

3.5-ஐ நம்புங்கள். ஐசி50 என்பது டிபிபிஎச்சில் பாதியை அணைக்கத் தேவையான செறிவு. காரணத்தை விளக்கினால் மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்பது தானாகவே புரியும்.

டிபிபிஎச் என்பது ஊதா நிறத்தில் நிலையாக இருக்கும் ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு. 1958-ல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய முறை இது. ஆன்டிஆக்ஸிடன்ட் ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்தால் ஊதா மங்கி வெளிர்மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் அந்த மங்கலை அளக்கிறோம். ஒரு வைட்டமின் சி மூலக்கூறு இரண்டு டிபிபிஎச் மூலக்கூறுகளை அணைக்கும். இந்த ஒரு செய்தியே உங்கள் சோதனைக்கு உரைகல்.

நீங்கள் எழுதிய முறையில் 0.1 மில்லிமோலார் டிபிபிஎச் 3 மிலி, மாதிரி 1 மிலி. கலந்த பிறகு டிபிபிஎச் 75 மைக்ரோமோலார். அதில் பாதியை, அதாவது 37.5-ஐ, அணைக்க 18.75 மைக்ரோமோலார் வைட்டமின் சி போதும். மூலக்கூறு எடை 176.12-ஆல் பெருக்கினால் மிலிக்கு 3.3 மைக்ரோகிராம். உங்கள் 3.5 இதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

இப்போது 13-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள். 3.3-க்கு வந்துவிடும். அன்று, ஊற்றிய 1 மிலி கரைசலின் செறிவை எழுதிவிட்டீர்கள், 4 மிலி கலவையில் அது நான்கு மடங்கு நீர்த்துப்போனதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிக்கடி நடக்கிற தவறுதான் இது. 30 வந்த நாளன்று பெரும்பாலும் முந்தின நாள் கரைத்து வைத்த வைட்டமின் சி-யைப் பயன்படுத்தியிருப்பீர்கள். தண்ணீரில் துளி செம்போ இரும்போ இருந்தால் போதும், சில மணி நேரத்தில் அது கெட்டுவிடும். கரைத்த அரை மணிக்குள் பயன்படுத்துங்கள், அதுவரை பனிக்கட்டிமேல் வையுங்கள்.

டிபிபிஎச் கரைசலிலும் கவனம் தேவை. 100 மிலிக்கு 3.94 மில்லிகிராம் என்று நேராக நிறுப்பதில் தராசின் பிழையே பெரிதாகிவிடும். 19.7 மில்லிகிராமை 50 மிலி மெத்தனாலில் கரைத்து (இது 1 மில்லிமோலார்), பிறகு பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். கரையாத துகள் மிதந்தால் ஐந்து நிமிடம் சோனிகேட்டரில் வையுங்கள். 3 மிலி டிபிபிஎச்சும் 1 மிலி மெத்தனாலும் சேர்ந்த ஒப்பீட்டுக் குழாய் 0.75-க்கும் 0.9-க்கும் இடையில் அப்சார்பன்ஸ் (ஒளி உறிஞ்சும் அளவு) காட்ட வேண்டும். அதிலிருந்து வெகுதூரம் விலகினால் மேலே போகாதீர்கள், கரைசலைப் புதிதாகப் போடுங்கள்.

ஐசி50 கணக்கிட, அணைந்த அளவு 20-க்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் விழுகிற புள்ளிகளை மட்டும் எடுங்கள். முழுதும் அணைந்த பிறகும் ஒரு மஞ்சள் சாயல் எஞ்சுவதால் அளவு 100-ஐத் தொடாது. அதற்காகச் சாரத்தை மேலும் மேலும் ஊற்றுவது வீண். நேரமும் முக்கியம். வைட்டமின் சி ஓரிரு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். தாவரப் பாலிஃபீனால்கள் பல, ஒரு மணி நேரம்கூட மெல்ல மெல்ல வேலை செய்யும். 5, 15, 30, 60 நிமிடங்களில் அளந்து, எங்கே அளவு நிலைத்து நிற்கிறதோ அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடம் என்பது வழக்கம், அவ்வளவுதான்.

ஒரே குழாயை மூன்று முறை அளந்து அதை மூன்று மறுசோதனை என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூன்று முறை தனித்தனியாகச் சாரம் எடுத்து அளந்தால்தான் அது மறுசோதனை.

கேள்வி: செம்பருத்திப் பூச் சாரத்துக்கு டிபிபிஎச்சில் எதிர்மறை எண் வருகிறது. அளவு கூடக்கூட மைனஸும் கூடுகிறது. சாரம் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. பூவின் சிவப்பு நிறமான ஆந்தோசயனின் ஏறக்குறைய 520 நானோமீட்டரில்தான் ஒளியை உறிஞ்சுகிறது. டிபிபிஎச்சை அளக்கும் இடமும் அதுவே. ஊதா குறைந்த இடத்தைச் சிவப்பு நிரப்பிவிடுகிறது. ஒவ்வொரு செறிவுக்கும் தனி மாதிரி வெற்று வையுங்கள்: சாரம் 1 மிலி, டிபிபிஎச் இல்லாத மெத்தனால் 3 மிலி. அதன் அளவை மாதிரியின் அளவிலிருந்து கழித்துவிட்டுச் சதவீதம் போடுங்கள். மெத்தனாலில் ஊற்றியதும் சாரம் கலங்கினால், அது கோந்து திரள்வது. அந்தக் கலங்கலும் அப்சார்பன்ஸை ஏற்றும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளியவைத்த பின் அளவிடுங்கள்.

அடர்நிறச் சாரங்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஏபிடிஎஸ், இதுவும் ராடிக்கலின் நிறம் மங்குவதை அளக்கும் சோதனைதான். அதை அளப்பது 734 நானோமீட்டரில், தாவர நிறமிகள் பெரும்பாலும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. 10 மிலி தண்ணீரில் ஏபிடிஎஸ் 38.4 மில்லிகிராம், பொட்டாசியம் பெர்சல்ஃபேட் 6.6 மில்லிகிராம். இருட்டில் 12 முதல் 16 மணி நேரம் வைத்தால் நீலப்பச்சை ஏறும். எத்தனால் சேர்த்து அப்சார்பன்ஸ் 0.70-க்கு, 0.02 முன்பின்னாக, கொண்டுவாருங்கள். அதில் 1 மிலிக்கு மாதிரி 10 மைக்ரோலிட்டர் சேர்த்து ஆறாவது நிமிடம் அளவிடுங்கள். ஒப்பீட்டுக்கு ட்ரோலாக்ஸ் (தண்ணீரில் கரையும் வைட்டமின் ஈ வகை).

கேள்வி: மொத்த ஃபீனால் அளவு அதிகமாக இருந்தால் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனும் அதிகம் என்று கொள்ளலாமா? இத்தனை சோதனைகளில் எது ஒன்று போதும்?

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் சேர்ந்தே போகும், ஆனால் அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. மொத்த ஃபீனாலைக் காணச் செய்யும் ஃபோலின் சோதனை ஃபீனாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சி, சில சர்க்கரைகள், சில புரதங்கள் எல்லாமே அதில் அளக்கிற நீல நிறத்தைக் கொடுக்கும். பழச்சாற்றில் வரும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

ஒன்று மட்டும் போதாது. டிபிபிஎச், ஏபிடிஎஸ், ஃப்ராப் (இரும்பு அயனியை ஒடுக்கும் திறனை அளப்பது) மூன்றிலும் முக்கியமாக எலக்ட்ரான் கைமாறுவதுதான் நடக்கிறது. மூன்றையும் செய்தால் ஏறக்குறைய ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டதாகும். ஃப்ராப் பிஎச் 3.6-ல் நடக்கிறது, தோலிலோ க்ரீமிலோ அந்த நிலை இல்லை. குளுட்டாதயோன் போன்ற கந்தகமுள்ள தயால்களையும் அது சரியாகப் பிடிக்காது. ஓராக் சோதனை பெராக்ஸில் ராடிக்கலோடு நடப்பதால் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றத்துக்குக் கொஞ்சம் அருகில் வருகிறது. அதையும் மிகையாக நம்ப வேண்டாம். அமெரிக்க விவசாயத் துறை தான் வெளியிட்டிருந்த ஓராக் பட்டியலை 2012-ல் நீக்கியது. அந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்பதும், விளம்பரத்தில் அவை தவறாகப் பயன்பட்டன என்பதும் அதற்குச் சொன்ன காரணங்கள்.

எங்கள் யோசனை: சாரங்களில் எது முன்னே எது பின்னே என்று சலித்தெடுக்க டிபிபிஎச்சும் ஏபிடிஎஸ்ஸும் போதும். அத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தையும் ரசாயனத்தையும் எண்ணெயிலும் க்ரீமிலும் செய்யும் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் கைக்குப் போவது க்ரீம்தான்.

கேள்வி: எண்ணெயில் எப்படிச் சோதிப்பது? கிரீன் டீ சாரத்தை எண்ணெயில் போட்டால் அடியில் தங்கிவிடுகிறது. பலனும் தெரியவில்லை.

அடியில் தங்கியதால்தான் பலன் தெரியவில்லை. கிரீன் டீயின் கேட்டகின்கள் தண்ணீரோடு சேர்பவை. கொஞ்சம் எத்தனாலில் கரைத்து எண்ணெயில் கலந்து, எத்தனாலை நைட்ரஜன் ஊதி விரட்டினால் ஓரளவு பரவும். ரோஸ்மேரியின் கார்னோசிக் அமிலம் எண்ணெயிலேயே கரைவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே விட்டமுள்ள பீக்கர்களில் சூரியகாந்தி எண்ணெய் 100 கிராம் வீதம் எடுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்க வேண்டாம். மற்றவற்றில் சாரம் 0.02, 0.05, 0.1 சதவீதம். ஒன்றில் ஒப்பீட்டுக்கு டோக்கோஃபெரால் (வைட்டமின் ஈ) 0.02 சதவீதம். 60 டிகிரி ஓவனில் திறந்தே வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை பெராக்ஸைடு மதிப்பை, அதாவது எண்ணெய் கெடத் தொடங்கும்போது உண்டாகும் பெராக்ஸைடுகளின் அளவை, பாருங்கள். பீக்கர்களை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வையுங்கள், ஓவனின் மூலைகள் ஒரே சூட்டில் இருப்பதில்லை.

பெராக்ஸைடு மதிப்பு காண: எண்ணெய் 5 கிராம், அசெட்டிக் அமிலமும் குளோரோஃபார்மும் 3:2 கலந்தது 30 மிலி, தெவிட்டிய பொட்டாசியம் அயோடைடு 0.5 மிலி. சரியாக ஒரு நிமிடம் குலுக்கி, 30 மிலி தண்ணீர் சேருங்கள். 0.01 நார்மல் தயோசல்ஃபேட்டை விட்டுக்கொண்டே வந்து, மஞ்சள் ஏறக்குறைய மறைகிற கட்டத்தில் ஸ்டார்ச் 0.5 மிலி ஊற்றுங்கள். நீலம் முற்றாகப் போகும் இடமே முடிவு. குலுக்கிக்கொண்டே இருங்கள், அயோடின் கீழ் அடுக்கில் ஒளிந்திருக்கும். எண்ணெய்க்கு 2.6 மிலியும் வெற்றுக்கு 0.1 மிலியும் செலவானால், 2.5-ஐ 0.01-ஆலும் 1000-ஆலும் பெருக்கி 5-ஆல் வகுக்க, கிலோவுக்கு 5 மில்லிஈக்விவலன்ட். குளோரோஃபார்ம் வேலை முழுதும் ஃப்யூம் ஹூடுக்குள்தான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பெராக்ஸைடு ஏறிக்கொண்டே போகாது. உச்சிக்குப் போய், உடைந்து ஆல்டிஹைடுகளாகி, மதிப்பு இறங்கத் தொடங்கும். நாற்றமெடுத்த எண்ணெய் குறைந்த எண்ணைக் காட்டும், அனுபவமில்லாதவர் அதைச் சாரத்தின் வெற்றி என்று எழுதிவிடுவார். அந்த ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் கூடவே பாருங்கள். எந்த நாளில் கோடு செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது என்பதைக் குறித்து, சாரம் சேர்த்த எண்ணெயின் நாளைச் சேர்க்காத எண்ணெயின் நாளால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி கிடைக்கும்.

அளவு கூடினால் பலன் கூடும் என்றும் எண்ண வேண்டாம். டோக்கோஃபெராலே அதிகமானால் எதிர்வேலை செய்யக் கூடியது. எண்ணெயில் வென்ற சாரம் எமல்ஷனில் (க்ரீம் போல எண்ணெயும் தண்ணீரும் கலந்தது) தோற்பதும் சகஜம். எமல்ஷனில் ஆக்ஸிஜனேற்றம் தொடங்குவது எண்ணெயும் தண்ணீரும் தொடுகிற விளிம்பில். தண்ணீரில் கரைந்து விலகி நிற்கிற பொருள் அந்த விளிம்பைக் காக்காது. போதாக்குறைக்கு, இரும்பு அயனி இருந்தால் கேட்டகின்கள் அதை ஒடுக்கி, இன்னும் வேகமாகப் பெராக்ஸைடை உடைக்கிற வடிவத்துக்கு மாற்றிவிடலாம். ஆகவே கடைசிச் சோதனை எப்போதும் உங்கள் க்ரீமிலேயே நடக்கட்டும்.

கேள்வி: 2 சதவீதம் சாரம் சேர்த்த க்ரீம் இரண்டு வாரத்தில் பழுப்பாகிவிட்டது. ஜெல்லில் சேர்த்தபோது அது தண்ணீராக இளகிவிட்டது. எங்கே தவறு?

க்ரீமை முதலில் பார்ப்போம். ஒரு சிறு கரண்டியால் ஜாடியின் நடுவே குறுக்காக வெட்டிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் பழுப்பு, உள்ளே வெளிர் நிறம் என்றால் காற்றுதான் காரணம். வாய் அகன்ற ஜாடியைக் கைவிட்டு ஏர்லெஸ் பம்புக்கு மாறுங்கள். அடிவரை ஒரே சீராகப் பழுத்திருந்தால் பிஎச் அல்லது சூடு. பாலிஃபீனால் காரத்தில் குயினோனாக மாறிப் பழுப்பேறும், 7-ஐத் தாண்டினால் வேகம் கூடும். பிஎச்சை 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் நிறுத்துங்கள், சாரத்தைக் க்ரீம் 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு சேருங்கள். சாம்பல் கலந்த நீலமோ கரும்புள்ளிகளோ தெரிந்தால் இரும்பு. டானினும் இரும்பும் சேர்ந்தால் மசி நிறம் வரும், பழைய காலத்து எழுது மையே அதுதான். துருப்பிடித்த கலக்கி, கடினநீர், அயர்ன் ஆக்ஸைடு நிறமி எதுவும் காரணமாக இருக்கலாம். இரும்பைக் கட்டிப்போடும் டைசோடியம் இடிடிஏ 0.1 சதவீதம் தண்ணீர்க் கட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

காரணத்தை ஊகிக்காமல் கண்டுபிடிக்க நான்கு ஜாடி போதும்: சாரம் இல்லாதது, சாரம் உள்ளது, சாரமும் இடிடிஏவும், சாரமும் இடிடிஏவும் சேர்த்து விளிம்புவரை நிரப்பி மூடியது. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி 40 டிகிரியில், ஒரு பாதி குளிர்பெட்டியில். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து, பிஎச் குறியுங்கள். 12 வாரம் தாக்குப்பிடிக்கட்டும்.

ஜெல் இளகியது வேறு கதை. ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர் உப்பைத் தாங்காது. தாவரச் சாரத்தில் பொட்டாசியம் உப்புகள் நிறைய இருக்கும். உப்பு தாங்குகிற ஜெல்லாக்கிக்கு மாறுங்கள், சாந்தன் கம் நன்றாக ஒத்துவரும். ட்ரைஎத்தனாலமைன் என்ற காரம் விட்டு நடுநிலையாக்கும்போது சாரம் கூடவே இருந்தால், விழுந்த இடத்தில் காரம் எகிறிப் பழுப்புத் திட்டு வரும். முதலில் நடுநிலையாக்கி முடியுங்கள், சாரம் அதற்குப் பிறகு. டானின் அதிகமுள்ள சாரத்தைப் பாலிகுவாட்டர்னியம் போன்ற நேர்மின் பாலிமர்களோடு சேர்த்தால் திரிந்துபோகும், அதற்கு மருந்து இல்லை.

அந்த 2 சதவீதத்தையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். வாங்கிய திரவச் சாரத்தில் உலர் பொருள் 3 சதவீதம் என்றால், க்ரீமில் உண்மையில் இருப்பது 0.06 சதவீதம். உலர் பொடியை வைத்துச் சோதித்த முடிவை இந்த க்ரீமுக்குப் பொருத்த முடியாது.

கேள்வி: தோல் செல்களில் எம்டிடி சோதனை செய்தோம். சாரம் சேர்த்த குழிகளில் உயிர்ப்பு 140 சதவீதம். செல்களைச் சாரம் வளர்க்கிறதா?

அவசரப்படாதீர்கள். எம்டிடி என்பது உயிருள்ள செல் ஊதாவாக்குகிற மஞ்சள் சாயம். அதை ஊதாவாக்குவது செல்லின் வேலை மட்டுமல்ல, பாலிஃபீனாலும் நேரடியாகச் செய்யும். செல்லே இல்லாத குழிகளில் சாரத்தையும் எம்டிடியையும் சேர்த்து 570 நானோமீட்டரில் பாருங்கள். ஊதா வந்தால் உங்கள் 40 சதவீதம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. எம்டிடி சேர்ப்பதற்கு முன் செல்களைப் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவினால் பெருமளவு நீங்கும்.

செல்லுக்குள் நடக்கும் ஆக்ஸிஜனேற்றத்தை ஒளிர்வால் காட்டும் டிசிஎஃப் சாய முறையிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. சாரம் ஊடகத்தில் இருக்கும்போதே ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினால், இரண்டும் செல்லுக்கு வெளியிலேயே மோதி முடிந்துவிடும். செல் எதையும் செய்திருக்காது. சாரத்தோடு 24 மணி நேரம் வளர்த்து, கழுவி எடுத்துவிட்டு, பிறகு பெராக்ஸைடைக் கொடுங்கள். இன்னொன்று: கேட்டகின் போன்றவை வளர்ப்பு ஊடகத்தில் தாமாகவே ஆக்ஸிஜனேறி ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். சாரம் செல்லைக் கொல்வதுபோல் தெரிந்தால், பெராக்ஸைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த குழிகளை ஒருபக்கம் வையுங்கள். அங்கே செல்கள் பிழைத்தால், கொன்றது சாரம் அல்ல, அந்தப் பெராக்ஸைடு.

கேள்வி: ஆன்டிஆக்ஸிடன்ட் வலுவாக இருப்பதால் ப்ரிசர்வேட்டிவ் தேவையில்லை என்கிறார்களே?

தவறு, ஆபத்தும்கூட. ஆன்டிஆக்ஸிடன்ட் காப்பது ஆக்ஸிஜனிடமிருந்து. ப்ரிசர்வேட்டிவ் காப்பது பாக்டீரியா, பூஞ்சையிடமிருந்து. சாரத்தில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் கிருமிகளுக்குத் தீனி, ஆகவே சாரம் சேர்த்த க்ரீமுக்குப் பாதுகாப்பு கூடுதலாகவே வேண்டும். தண்ணீர் துளியும் இல்லாத எண்ணெய்க் கலவைக்கு மட்டும் ரோஸ்மேரி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றதற்கு, சாரம் சேர்த்து முடித்த க்ரீமையே ஐஎஸ்ஓ 11930 சவால் சோதனைக்கு அனுப்புங்கள். ஐந்து வகை நுண்ணுயிர்களைப் புகுத்தி 28 நாள் வரை எண்ணிப் பார்ப்பார்கள். சாரம் இல்லாத அடிப்படைக் க்ரீம் அதில் தேறியிருந்தால் அந்தச் சான்று இதற்குச் செல்லாது.

கேள்வி: டிபிபிஎச்சில் 92 சதவீதம் வந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் "92 சதவீதம் ஃப்ரீ ராடிக்கலை அழிக்கும்" என்று போடலாமா?

போடக் கூடாது. அந்த 92, நீங்கள் ஊற்றிய செறிவைப் பொறுத்தது. பத்து மடங்கு நீர்த்தால் 20 ஆகும், இன்னும் கொஞ்சம் ஊற்றினால் 95 ஆகும். தோலின் மேலடுக்கைத் தாண்டிப் பொதுவாகப் போவது 500 டால்டனுக்கு உட்பட்ட மூலக்கூறுகள். ஃபெரூலிக் அமிலம் 194, குவெர்செட்டின் 302, இவை அந்த எல்லைக்குள் இருக்கின்றன. ரூட்டின் 610, அது சோதனைக் குழாயில் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பெரும்பாலும் மேலேயே தங்கிவிடும். எல்லைக்குள் இருப்பதும் உள்ளே போனதற்குச் சான்றாகாது.

நீங்கள் நிரூபித்ததை மட்டும் எழுதுங்கள். 60 டிகிரியில் எண்ணெயின் கெடுகாலத்தை இரண்டு மடங்கு தள்ளிப்போட்டிருந்தால், "இதில் உள்ள எண்ணெய்கள் சீக்கிரம் கெடாமல் காக்கும் சாரம் சேர்த்தது" என்று தாராளமாகப் போடலாம். தோலைக் காக்கும் என்று எழுத ஆசைப்பட்டால், க்ரீமை மனிதத் தோலில் தடவி, சாரம் இல்லாத அதே க்ரீமோடு ஒப்பிட்ட முடிவு கையில் இருக்க வேண்டும்.